மெட்டா பகுப்பாய்வுக்கான விளைவு அளவுகள்: கட்டுரையின் அட்டவணையிலிருந்து மென்பொருள் வரை

பல ஆய்வுகளின் முடிவுகளை எண்களாகத் தொகுத்து ஒரே விடை காண்பதே மெட்டா பகுப்பாய்வு. அதைச் செய்யும், கொழும்பில் கின்சி வீதிப் பக்கம் படிக்கும் பட்டப்பின்படிப்பு மாணவர்கள் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு வந்து என் முன்னால் மடிகணினியைத் திறக்கும்போது, திரையில் அநேகமாக ஒரு ஃபொரஸ்ட் வரைபடம், அதாவது ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் ஒரு சதுரமாகக் காட்டும் படம், இருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆய்வுகளின் சதுரங்கள் நடுக்கோட்டுக்கு அருகே நெருங்கி நிற்க, ஒன்று மட்டும் வலக்கோடியில் தனியே கிடக்கும். எந்தக் கணிப்பு மாதிரியைத் தெரிவு செய்தால் ஆய்வு முடிவுகளுக்கிடையிலான இந்த வேறுபாடு, அதாவது பல்லினத்தன்மை, குறையும் என்று அவர்கள் கேட்பார்கள். அந்த ஆய்வின் மூலக் கட்டுரையைத் திறக்கும்படி நான் கேட்பேன். அட்டவணையின் அடியில், சிறிய எழுத்தில், தரப்பட்டிருப்பவை இடையும் (சராசரியும்) நியம வழுவும் என்று குறிப்பிட்டிருக்கும். மாணவரோ அந்த நியம வழுவை நியம விலகல் என்று எண்ணி விரிதாளில் இட்டிருப்பார். நியம விலகல் ஆட்களின் பெறுமானங்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும்; நியம வழு அந்த இடை எவ்வளவு துல்லியமானது என்பதைக் காட்டும்.

இதனால் வரும் வித்தியாசத்தை எண்களில் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் 64 பேர் கொண்ட இரு குழுக்களில் நியம வழு 0.9 என்றால், நியம விலகல் 0.9 ஐ 64 இன் வர்க்கமூலமாகிய 8 ஆல் பெருக்கி வரும் 7.2 ஆகும். இரு குழுக்களின் இடைகளுக்கும் உள்ள வித்தியாசம் 3 எனின், நியமப்படுத்திய வித்தியாசம், அதாவது நியம விலகலை அலகாகக் கொண்ட வித்தியாசம், 3 ஐ 7.2 ஆல் வகுக்க வரும் 0.42. தவறுதலாக 0.9 ஆல் வகுத்தால் 3.33 வரும். மென்பொருளுக்கு இரண்டும் எண்களே. அது எந்த எச்சரிக்கையும் தராது.

இது மாணவர்களிடம் மட்டும் காணப்படும் பிழை என்று எண்ண வேண்டாம். 2007 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு மீளாய்வை வெளியிட்டார்கள். நியமப்படுத்திய இடை வித்தியாசத்தைப் பயன்படுத்திய 27 மெட்டா பகுப்பாய்வுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பரிசோதனைகளை மட்டும் அவர்கள் மீளக் கணித்தார்கள். 17 பகுப்பாய்வுகளில், பார்த்த இரண்டில் ஒன்றிலாவது பிழை இருந்தது. ஆகவே இந்த வழிகாட்டி எந்த மாதிரியைப் பொருத்துவது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசும். மென்பொருளைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையிலேயே பெரும்பகுதியைச் செலவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. இலங்கைப் பாடநூல் வழக்கிலேயே இடை, நியம விலகல், நியம வழு, மாறற்றிறன், நம்பிக்கை ஆயிடை என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் சராசரி, திட்ட விலக்கம், திட்டப் பிழை என்று படித்தவையே இவற்றுள் முதல் மூன்றும். விரிதாளில் கிடையாகச் செல்வது நிரை, நிலைக்குத்தாகச் செல்வது நிரல். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

ஓர் ஆய்வு, இரண்டு எண்கள்

எந்த மென்பொருளாக இருந்தாலும் மெட்டா பகுப்பாய்வுக்கு ஒவ்வோர் ஆய்விலிருந்தும் அது வேண்டி நிற்பவை இரண்டு எண்கள்: விளைவின் அளவு, அந்த அளவு எவ்வளவு துல்லியமானது என்பதைக் காட்டும் மாறற்றிறன் அல்லது நியம வழு. மாறற்றிறன் என்பது நியம வழுவின் வர்க்கம். மாறற்றிறன் சிறிதாயின் அந்த ஆய்வுக்கு எடை கூடும், பெரிதாயின் குறையும். நாம் செய்யும் தயாரிப்பு வேலை முழுவதும் பல வடிவங்களில் வெளியான முடிவுகளை இந்த இரண்டு எண்களாக ஆக்குவதற்காகவே.

எந்த அளவைப் பயன்படுத்துவது என்பதைத் தரவு சேர்க்கத் தொடங்குமுன் முடிவு செய்துவிடுங்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே அலகில் அளந்திருந்தால், உதாரணமாகக் குருதி அழுத்தத்தை மில்லிமீற்றர் இரசத்தில் தந்திருந்தால், இடைகளின் வித்தியாசமே போதும். வாசகருக்கு உடனே விளங்குவதும் அதுவே. மனச்சோர்வு போன்ற ஒன்றை ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு வினாக்கொத்தால் அளந்திருந்தால் நியமப்படுத்திய வித்தியாசம் தேவைப்படும். நோய் வந்தது அல்லது வரவில்லை என்ற வகை முடிவுகளுக்கு ஆபத்து விகிதம், முரண் விகிதம், ஆபத்து வித்தியாசம் ஆகிய மூன்றில் ஒன்று. ஆபத்து என்பது ஒரு குழுவில் நோயுற்றவர்களின் பங்கு; முரண் என்பது நோயுற்றவர்களின் தொகையை நோயுறாதவர்களின் தொகையால் வகுத்து வருவது. இரண்டு அளவுகள் எவ்வளவு ஒன்றாக மாறுகின்றன என்பதைக் காட்டும் இணைபுக் குணகங்களைத் தொகுப்பவர்கள் அவற்றை ஃபிஷரின் இஸட் அளவுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். 0.5 என்ற இணைபு அங்கே 0.549 ஆகும். அதன் மாறற்றிறன், ஆட்களின் தொகையிலிருந்து 3 ஐக் கழித்து அதன் தலைகீழை எடுப்பதால் கிடைக்கும். 103 பேரென்றால் 0.01.

விகித அளவுகளில் புதியவர்கள் தடுமாறும் இடம் மடக்கை. ஆபத்து பாதியாகக் குறைவதும் இரண்டு மடங்காகக் கூடுவதும் சமமான தூரம், ஆனால் 0.5 உம் 2 உம் 1 இலிருந்து சமமான தூரத்தில் இல்லை. இயற்கை மடக்கை எடுத்தால் அவை முறையே −0.693, 0.693 என்று பூச்சியத்தின் இரு பக்கமும் சமமாக நிற்கும். அதனால் கணிப்பு முழுவதும் மடக்கை அளவில் நடக்கிறது. வாசகருக்குக் காட்டும்போது மட்டும் பழைய அளவுக்குத் திருப்புகிறோம். மடக்கை எடுக்காத 0.70 என்ற விகிதத்தை அப்படியே விளைவு நிரலில் இட்டால், பாதுகாப்புத் தரும் ஒரு சிகிச்சை தீங்கு செய்வதாக மென்பொருள் வாசித்துக்கொள்ளும்.

விரிதாள்

இரண்டு தாள்கள் வைத்திருங்கள். முதல் தாளில் கட்டுரையில் அச்சாகியிருப்பது மட்டுமே இடம்பெற வேண்டும். அங்கே எந்த மாற்றமும், எந்தப் பெருக்கலும் செய்யக் கூடாது. இரண்டாம் தாள் கணித்துப் பெற்ற எண்களுக்கானது. இயன்றால் அதைக் கையால் நிரப்பாமல், முதல் தாளை வாசித்து மாற்றங்களைச் செய்யும் கட்டளைக் கோப்பு ஒன்றால் உருவாக்குங்கள். ஆறு மாதங்களின் பின்னர் நடுவர் ஒருவர் இந்த 7.2 எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, 0.9 என்ற எண்ணும், அது நியம வழு என்ற குறிப்பும், அட்டவணையின் இலக்கமும் முதல் தாளில் இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லலாம். நான் ஒரு முறை மூல எண்ணுக்கு மேலேயே மாற்றிய எண்ணை எழுதிவிட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க நேர்ந்தது. அந்த இரண்டு வாரங்கள் வேறெவருக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

முதல் தாளில் ஒரு நிரை ஓர் ஒப்பீட்டுக்கு உரியது. ஆய்வின் அடையாள எண், அந்த ஆய்வுக்குள் இந்த ஒப்பீட்டின் அடையாள எண், ஆசிரியரும் ஆண்டும், இரு குழுக்களின் ஆட்தொகை, இடைகள், சிதறலாகத் தரப்பட்ட எண், அது எந்த வகையான சிதறல், அளவின் அலகு, கூடிய புள்ளி நல்லதா தீயதா என்ற திசை, பக்கமும் அட்டவணையும், எண்ணை எடுத்தவரின் முதலெழுத்து ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் வேண்டும். இவற்றுள் சிதறலின் வகையைக் கூறும் நிரலே மிகப் பெறுமதியானது. பலருடைய தாள்களில் இல்லாததும் அதுவே. அங்கே நியம விலகல், நியம வழு, நம்பிக்கை ஆயிடை, காலணை வீச்சு (நடுவிலுள்ள அரைவாசிப் பெறுமானங்களின் வீச்சு) என்பவற்றில் ஒன்று கட்டாயம் எழுதப்பட வேண்டும். கட்டுரை சொல்லவில்லையென்றால் 'தெளிவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

நிரல்களின் தலைப்புகளை ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றிச் சுருக்கமாக வையுங்கள். ஸ்டாட்டா, ஆர் என்ற இரு புள்ளிவிபர மென்பொருள்களில், ஸ்டாட்டா 14 ஆம் பதிப்பிலிருந்தும், விண்டோஸ் கணினிகளில் ஆர் 4.2 பதிப்பிலிருந்தும் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகக் கையாளப்படுகின்றன என்பது உண்மை. ஆனாலும் கோப்பு பல கணினிகளுக்குக் கைமாறும்போது தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாக மாறுவதை இன்றும் பார்க்கிறேன். குறிப்புகளுக்கான நிரலில் தாராளமாகத் தமிழில் எழுதலாம்; சேமிக்கும்போது யூடிஎஃப்-8 வடிவத்தைத் தெரிவு செய்தால் போதும்.

கட்டுரையிலிருந்து எண்களை ஒட்டும்போது இன்னொரு கவனம் தேவை. லான்செட் சஞ்சிகை தசமப் புள்ளியை வரியின் நடு உயரத்தில் அச்சிடும். அங்கிருந்து பிரதி எடுத்த எண்ணை மென்பொருள் எழுத்தாகவே வாசிக்கும், அந்த ஒரு கலத்தால் நிரல் முழுவதும் எழுத்து வகையாகிவிடும். கழித்தல் குறியும் பல கட்டுரைகளில் விசைப்பலகையில் உள்ள குறியாக இருப்பதில்லை. 5-10 என்று ஒரு வீச்சைத் தட்டினால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும். எண்களைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டுவதே இவை எல்லாவற்றுக்கும் எளிய தீர்வு. தகவல் இல்லாத கலத்தை வெறுமையாக விடுங்கள். அதில் பூச்சியம் இட்டால் அது ஒரு முடிவாகிவிடும்.

பலவற்றை ஒன்றாக்குதல்

நியம வழுவிலிருந்து நியம விலகலுக்கு மாறுவதை மேலே பார்த்தோம். ஓர் இடையின் 95 சதவீத நம்பிக்கை ஆயிடை, அதாவது உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய கீழ், மேல் எல்லைகள், மட்டும் தரப்பட்டிருந்தால், மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து 3.92 ஆல் வகுக்க நியம வழு கிடைக்கும். அதைக் குழுவின் ஆட்தொகையின் வர்க்கமூலத்தால் பெருக்க நியம விலகல். குழுவில் 60 பேருக்குக் குறைவாக இருந்தால் 3.92 க்குப் பதிலாக டீ பரம்பலின் பெறுமானத்தை இரட்டித்துப் பயன்படுத்த வேண்டும்: 25 பேரென்றால் 4.13, 10 பேரென்றால் 4.52.

ஆபத்து விகிதம் ஆயிடையுடன் தரப்பட்டிருக்கும்போது முதலில் மடக்கை, பிறகு கழித்தல். 0.70 என்ற விகிதமும் 0.53 முதல் 0.92 வரையான ஆயிடையும் இருப்பதாகக் கொள்வோம். 0.92 இன் இயற்கை மடக்கை −0.0834, 0.53 இன் மடக்கை −0.6349. வித்தியாசம் 0.5515. அதை 3.92 ஆல் வகுக்க நியம வழு 0.1407, மாறற்றிறன் 0.0198. விளைவு 0.70 இன் மடக்கையாகிய −0.3567. எல்லைகளை மடக்கை எடுக்காமலே கழித்து 3.92 ஆல் வகுப்பது பரவலான தவறு.

இங்கே நான் ஒருபோதும் தவிர்க்காத ஒரு சோதனை உண்டு. ஆயிடையின் இரு எல்லைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 0.53 ஐ 0.92 ஆல் பெருக்க 0.4876, அதன் வர்க்கமூலம் 0.698. இது கட்டுரை தந்த 0.70 உடன் பொருந்துகிறது. ஆகவே ஆயிடை மடக்கை அளவில் சமச்சீரானது, எண்கள் சரியாக அச்சாகியிருக்கின்றன. பொருந்தாவிட்டால் அச்சுப் பிழை இருக்கலாம், அல்லது நீங்கள் தவறான நிரையிலிருந்து எண்ணை எடுத்திருக்கலாம். கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானே இதற்குப் போதும்.

அலகுகளை மாற்றும்போது இடைக்கும் நியம விலகலுக்கும் ஒரே சூத்திரம் எப்போதும் பொருந்தாது. குருதிக் குளுக்கோசைக் கொழும்பின் ஆய்வுகூட அறிக்கைகள் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தருகின்றன; பிரித்தானியக் கட்டுரைகள் லீற்றருக்கு மில்லிமோலில் தருகின்றன. இங்கே வெறும் வகுத்தல்தான்: இடையையும் நியம விலகலையும் 18 ஆல் வகுத்தால் போதும். ஆனால் கடந்த சில மாதங்களின் குளுக்கோசு நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவைச் சதவீதத்திலிருந்து மோலுக்கு மில்லிமோலாக மாற்ற 2.15 ஐக் கழித்து 10.929 ஆல் பெருக்க வேண்டும். 8.0 சதவீதம் 64 ஆகும். நியம விலகலுக்கு அந்தக் கழித்தல் கிடையாது. எல்லாப் பெறுமானங்களும் ஒரே அளவால் நகரும்போது அவற்றின் சிதறல் மாறாது. பெருக்கல் மட்டுமே அதைப் பாதிக்கும். 1.0 சதவீத நியம விலகலுக்கு முழுச் சூத்திரத்தையும் பயன்படுத்துபவருக்கு எதிர்க் கணியம் கிடைக்கும், தவறு உடனே வெளிப்படும். 2.5 ஐ இட்டவருக்கோ 27.3 வர வேண்டிய இடத்தில் 3.8 வரும், அது நம்பத்தகுந்த எண்ணாகவே தோன்றுவதால் பிடிபடாமல் போகும். நியமப்படுத்திய வித்தியாசத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை.

திசை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வினாக்கொத்தில் கூடிய புள்ளி கூடிய மனச்சோர்வையும், மற்றொன்றில் கூடிய புள்ளி நல்ல மனநலத்தையும் குறிக்கும். தொகுப்பதற்கு முன் ஒரு பக்கத்தின் இடைகளை −1 ஆல் பெருக்குங்கள். நியம விலகலைத் தொடாதீர்கள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து, மாற்றத்தின் இடையை மட்டும் தந்து, அதன் நியம விலகலைத் தராமல் விட்ட கட்டுரைகள் ஏராளம். முன் அளவுக்கும் பின் அளவுக்கும் இடையிலான இணைபு தெரியாமல் அதைக் கணிக்க இயலாது. இரண்டு நேரங்களிலும் நியம விலகல் 8 என்று வைத்தால், இணைபு 0.5 ஆயின் மாற்றத்தின் நியம விலகலும் 8, இணைபு 0.8 ஆயின் 5.06. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஊகத்தில் விட முடியாது. உங்கள் தொகுப்பிலேயே முழு விவரமும் தந்த வேறோர் ஆய்வு இருந்தால் அதிலிருந்து இணைபைப் பின்னோக்கிக் கணித்து எடுங்கள். பிறகு அதைவிடக் குறைந்த, கூடிய பெறுமானங்களை இட்டு முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். நியமப்படுத்திய வித்தியாசத்தில் மாற்றப் புள்ளிகளையும் இறுதிப் புள்ளிகளையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, ஏனெனில் அவற்றை வகுக்கும் நியம விலகல்கள் வெவ்வேறு பொருளுடையவை.

இடையமும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) காலணைகளும் மட்டும் தரப்பட்டிருந்தால், பரம்பல் சமச்சீராக இருக்கும் பட்சத்தில், காலணை வீச்சை 1.35 ஆல் வகுத்து நியம விலகலை மதிப்பிடலாம். ஆனால் ஆசிரியர்கள் இடையத்தைத் தெரிவு செய்ததே பரம்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால்தானோ என்று முதலில் யோசியுங்கள்.

மென்பொருளில் இடுதல்

ஆர் கட்டற்றது, கட்டணமில்லாதது. அதனால் மாணவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். அதில் மெட்டாஃபோர் என்ற பொதியை, அதாவது கூடுதல் கட்டளைகளின் தொகுப்பை, நிறுவுங்கள். வொல்ஃப்காங் ஃபீக்ட்பவர் எழுதிய இப்பொதியை அறிமுகப்படுத்தும் கட்டுரை 2010 இல் வெளியானது. உங்கள் சொந்தத் தரவைத் தொடுவதற்கு முன், அதனுடன் வரும் பீ.சீ.ஜீ. தரவுத் தொகுதியில் பழகுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த சில நாள்களுக்குள் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியைப் பற்றிய 13 பரிசோதனைகள் அதில் உள்ளன. மதராஸ் 1980 என்று குறிக்கப்பட்டிருக்கும் எட்டாவது நிரை, தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியில் நடந்த பெரும் பரிசோதனை.

முதற்கட்டளை எஸ்கால்க், ஆங்கிலத்தில் இ, எஸ், சி, ஏ, எல், சி என்ற ஆறு எழுத்துகள். எந்த விளைவு அளவு வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு நிரையிலும் நான்கு எண்கள் எங்கே உள்ளன என்று காட்ட வேண்டும்: தடுப்பூசிக் குழுவில் நோயுற்றவர்கள், நோயுறாதவர்கள், கட்டுப்பாட்டுக் குழுவில் நோயுற்றவர்கள், நோயுறாதவர்கள். இவை ஏஐ, பிஐ, சிஐ, டிஐ என்ற பெயர்களில் கொடுக்கப்படுகின்றன. கட்டளை முடிந்ததும் தாளின் இறுதியில் இரண்டு புதிய நிரல்கள் தோன்றும்: ஒய்ஐ விளைவு, விஐ அதன் மாறற்றிறன்.

முதல் நிரையைக் கையால் சரிபாருங்கள். தடுப்பூசிக் குழுவில் 4 பேர் நோயுற்றனர், 119 பேர் நோயுறவில்லை. கட்டுப்பாட்டுக் குழுவில் 11, 128. ஆபத்துகள் 123 இல் 4 உம் 139 இல் 11 உம். விகிதம் 0.411, மடக்கை −0.8893. மாறற்றிறன், 4 இன் தலைகீழ் கழித்தல் 123 இன் தலைகீழ், கூட்டல் 11 இன் தலைகீழ், கழித்தல் 139 இன் தலைகீழ்: 0.3256. திரையிலும் அதுவே இருக்கும். செங்கல்பட்டில் ஒவ்வொரு குழுவிலும் 88,391 பேர். தடுப்பூசி பெற்றவர்களில் 505 பேரும் பெறாதவர்களில் 499 பேரும் நோயுற்றனர். மடக்கை விகிதம் 0.0120, மாறற்றிறன் 0.0040. மாறற்றிறனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நோயுற்றவர்களின் தொகையே என்பதை இந்த இரண்டு நிரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கைக்கு வரும். சூத்திரத்தை மனனம் செய்வதைவிட அது உதவும்.

நான்கு எண்களில் இரண்டாவதும் நான்காவதும் நோயுறாதவர்கள். குழுவின் மொத்தம் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மீளாயும் கொக்ரேன் அமைப்பின் ரெவ்மேன் மென்பொருள் நிகழ்வுகளையும் மொத்தத்தையும் கேட்பதால், அங்கிருந்து வருபவர்கள் மொத்தத்தையே பிஐ இடத்தில் கொடுத்துவிடுகிறார்கள். 100 இல் 40 உம் 100 இல் 60 உம் என்ற ஆய்வின் விகிதம் 0.667, அந்தத் தவறால் அது 0.762 ஆகும். மொத்தங்களே கைவசம் இருந்தால் பிஐ, டிஐ என்பவற்றுக்குப் பதிலாக என்1ஐ, என்2ஐ என்ற இடங்களில் அவற்றைக் கொடுக்கலாம்.

ஒரு குழுவில் எவருமே நோயுறாத ஆய்வில் மடக்கை எடுக்க இயலாது என்பதால், எஸ்கால்க் அந்த ஆய்வின் நான்கு கலங்களிலும் 0.5 ஐக் கூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நிரைகள் எவை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இடைகளைக் கொண்ட ஆய்வுகளில், நியமப்படுத்திய வித்தியாசத்தைக் கேட்டால், ஆட்தொகை குறைந்த ஆய்வுகளுக்கான ஹெட்ஜஸ் திருத்தத்தையும் அதே கட்டளை தானாகச் செய்துவிடும். குழுவுக்கு 10 பேரென்றால் 0.50 என்பது 0.48 ஆகும். நீங்கள் முன்னரே திருத்திய எண்ணை மீண்டும் திருத்த வேண்டாம்.

அடுத்த கட்டளை ஆர்எம்ஏ. அதற்கு ஒய்ஐ, விஐ இரண்டையும் கொடுங்கள். பீ.சீ.ஜீ. தொகுதிக்கு, உண்மை விளைவு ஆய்வுக்கு ஆய்வு வேறுபடலாம் என்று கொள்ளும் எழுமாற்று விளைவு மாதிரியில் −0.7145 என்ற தொகுப்பு விளைவும் 0.1798 என்ற நியம வழுவும் வரும். பழைய அளவுக்குத் திருப்பினால் ஆபத்து விகிதம் 0.49, ஆயிடை 0.34 முதல் 0.70 வரை. இந்த எண்கள் உங்கள் திரையில் வந்தால் பொதி சரியாக நிறுவப்பட்டிருக்கிறது. உங்கள் தரவுக்குச் செல்லலாம்.

அங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. ஆர்எம்ஏ இரண்டாவதாக எதிர்பார்ப்பது மாறற்றிறன். ஸ்டாட்டாவில், 2019 இல் வெளியான 16 ஆம் பதிப்பிலிருந்து உள்ள மெட்டா செட் கட்டளை எதிர்பார்ப்பது நியம வழு. ரெவ்மேனில் தலைகீழ் மாறற்றிறன் முறையில் கேட்கப்படுவதும் நியம வழுவே. ஒரே தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. நியம வழு 0.1 ஆகவும் 0.4 ஆகவும் உள்ள இரு ஆய்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆய்வுகளுக்கும் உண்மை விளைவு ஒன்றே என்று கொள்ளும் நிலையான விளைவு மாதிரியில் அவற்றின் எடைகள் 16 க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நியம வழுவை மாறற்றிறன் என்று கொடுத்தால் 4 க்கு 1 ஆகிவிடும். பெரிய ஆய்வின் குரல் தணிந்து, சிறிய ஆய்வின் குரல் உயரும். மெட்டாஃபோரில் நியம வழுவே உங்களிடம் இருந்தால் அதை எஸ்இஐ என்ற பெயரோடு கொடுங்கள். பெயரில்லாமல் இடத்தை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். தாளின் தலைப்பிலும் மாறற்றிறன், நியம வழு என்ற சொல் தெளிவாக இருக்கட்டும்.

ஓர் ஆய்விலிருந்து பல நிரைகள்

ஒரே கட்டுப்பாட்டுக் குழுவோடு இரண்டு மருந்தளவுகளை ஒப்பிட்ட ஆய்வை இரண்டு நிரைகளாக இட்டால், அந்தக் கட்டுப்பாட்டுக் குழுவினர் இருமுறை எண்ணப்படுகிறார்கள். இரு மருந்தளவுக் குழுக்களையும் ஒன்றாக இணைப்பது எளிய வழி. கட்டுப்பாட்டுக் குழுவின் ஆட்தொகையை இரண்டாகப் பிரித்து இடுவது அடுத்தது. ஓர் ஆய்வே பல வினாக்கொத்துகளின் முடிவுகளைத் தந்திருந்தால், அவை ஒன்றையொன்று சாராதவை போல ஆர்எம்ஏ கட்டளைக்குக் கொடுக்க வேண்டாம். முதல் தாளில் ஆய்வுக்கும் ஒப்பீட்டுக்கும் தனித்தனி அடையாள எண்கள் கேட்டதன் காரணம் இதுவே: ஆர்எம்ஏ.எம்வி என்ற பன்மட்டக் கட்டளை அந்த இரண்டு நிரல்களையும் கொண்டே எது எதற்குள் அடங்குகிறது என்று அறிகிறது.

ஓட்டிய பின்

தாளை விளைவின் பருமனால் வரிசைப்படுத்தி, இரு முனைகளிலும் உள்ள மூன்று ஆய்வுகளின் மூலக் கட்டுரைகளை மறுபடி திறங்கள். நியமப்படுத்திய வித்தியாசம் 2 ஐத் தாண்டினால், அதை வகுத்த எண் நியம விலகலல்ல, நியம வழுவாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு வாசியுங்கள். அடுத்து மாறற்றிறனால் வரிசைப்படுத்துங்கள். மிகக் குறைந்த மாறற்றிறன் உள்ள ஆய்வு உண்மையிலேயே பெரிய ஆய்வா? 30 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு அங்கே நின்றால் எண்ணில் ஏதோ கோளாறு. ஒரே குழுவின் நியம விலகலை ஆய்வுக்கு ஆய்வு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரே வினாக்கொத்தைப் பயன்படுத்திய பத்து ஆய்வுகளில் ஒன்பது 6 க்கும் 9 க்கும் இடையில் இருக்க ஒன்று மட்டும் 1 என்றால், அடிக்குறிப்பை வாசிக்க வேண்டும்.

இயன்றால் இன்னொருவர் உங்கள் தாளைப் பாராமல் அதே கட்டுரைகளிலிருந்து எண்களை எடுக்கட்டும்; பிறகு இரண்டு தாள்களையும் கலம் கலமாக ஒப்பிடுங்கள். எல்லாக் கட்டுரைகளுக்கும் முடியாவிட்டால், கூடிய எடை பெற்றவற்றுக்காவது இதைச் செய்யுங்கள்.

'தெளிவில்லை' என்று குறித்த கலங்கள் எஞ்சியிருக்கும். அவற்றுக்காக ஆசிரியர்களுக்கு எழுதுங்கள். தரவுக் கோப்பு முழுவதையும் கேட்டால் பதில் வருவது அரிது. 'உங்கள் கட்டுரையின் 2 ஆம் அட்டவணையில், மூன்றாம் நிரலில் உள்ள 0.9 நியம விலகலா, நியம வழுவா?' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால், வேலைப்பளு மிக்கவரும் ஒரு சொல்லில் பதில் தரலாம். உள்நாட்டு ஆய்வாயின் அந்த ஆசிரியர் இதே நகரத்தின் மருத்துவமனை ஒன்றிலேயே இருக்கக்கூடும். நேரில் சென்று கேட்கத் தயங்க வேண்டாம். கிடைத்த பதிலைத் திகதியுடன் அந்த ஆய்வின் கட்டுரையோடு ஒரே கோப்புறையில் சேமித்து, முதல் தாளின் குறிப்பு நிரலில் 'ஆசிரியரிடமிருந்து' என்று எழுதிய பிறகே, கட்டளைக் கோப்பை மீண்டும் ஓட்டுங்கள்.